ஊரறிந்த நோய், ஊரே தரும் மருந்து

“உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்.” சென்னையில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-ல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை. இத்தனை காலமாக வைத்தியம் பார்த்துவரும் இடத்தின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். பிள்ளை தனக்குத்தானே பேசத் தொடங்கியதும் டாக்டரிடம் போகாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள், பாதி நேரம் இந்தச் சொல்லுக்குத்தான் பயப்படுகின்றன.

ஏர்வாடியில்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அவ்வூர் தர்காவை நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள்.

அதே தர்காவில் பின்னாளில் ‘தவா-துவா’ திட்டம் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். ஓதிப்பார்க்க வருபவர்களை அங்கேயே மனநல மருத்துவரிடமும் அனுப்புகிறார்கள். நம்பிக்கையைக் கைவிடச் சொல்லாததால் ஜனங்கள் மருந்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பக்குவம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மஞ்சக்குடி முகாம்

குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கிருந்து மருத்துவக் குழு திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்குப் போய்க் குடிநோய்ச் சிகிச்சை முகாம் நடத்தியது. இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. பதினைந்து நாள் சிகிச்சை. மனைவிமாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. முன்பு முகாமில் குடியை விட்டவர்களே அடுத்தவரைக் கூட்டிவருவார்கள். தெருவில் விழுந்து கிடந்தவன் வேட்டி சட்டையோடு வயலுக்குப் போவதை ஊர் கண்ணால் பார்க்கிறது. எந்தச் சுவரொட்டியும் இதைச் செய்துவிடாது.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

குடியை விட முயல்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பள்ளி வகுப்பறை, பத்துப் பதினைந்து நாற்காலிகள், டம்ளரில் டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார். மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. யாரும் உச்சுக்கொட்டவில்லை, புத்தி சொல்லவுமில்லை. அடுத்தவர் எழுந்தார். குடிகாரன் என்றால் ஏச்சு. குடிநோயாளி என்றால் வைத்தியம் உண்டு. அந்த வித்தியாசத்தை அன்றுதான் காதால் கேட்டேன்.

சோற்றில் கலக்கும் மருந்து

வெட்கம் உயிரையும் வாங்கும். “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள்” என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் நம்பாதீர்கள். சில மருந்துகள் உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே பாதிக்கப்படலாம்.

பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது எல்லாம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே கேட்பது

14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகப் போலீஸுக்குப் பயந்து தயங்க வேண்டாம்; 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருப்பவராகவே கருதுகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் காசு கிடையாது. முதல் நாள் பின்வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் கேட்டுவிட்டு வரலாம். பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.