யூக்கிளிட்டும் வேதாகமமும்: சீன வாசகரைத் தேடிச் சென்ற குருமார்

சமயம் பரப்பச் செல்பவரின் கையில் வேதாகமம் இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவுக்குள் நுழைந்த இத்தாலியத் துறவி மத்தேயோ றிச்சியிடம் மணிக்கூடுகளும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி அரியங்களும், ஓர் உலகப் படமும் கூடவே இருந்தன. சீன வாசகருக்காக அவர் மொழிபெயர்த்து அச்சேற்றிய பெருநூல் நற்செய்தி அல்ல, யூக்கிளிட்டின் கேத்திரகணிதம். சமயத் தொண்டர் ஒருவர் கேத்திரகணிதத்தை ஏன் கையில் எடுத்தார்? அதைப் படித்த சீனர் அதிலிருந்து எதைப் பெற்றுக்கொண்டனர்? இன்றைய உரையில் இவற்றைச் சற்று நோக்கலாம்.

றிச்சி 1552இல் பிறந்தவர், இயேசு சபையைச் சேர்ந்தவர். றோமாபுரியில் கிளேவியஸ் என்னும் புகழ்பெற்ற கணித அறிஞரிடம் பாடம் கேட்டவர். 1582இல் மக்காவோவுக்கு வந்து, அடுத்த ஆண்டு சாவோசிங் நகரில் குடியேறினார். முதலில் பௌத்த பிக்குகளைப் போல உடுத்தித் திரிந்தார். அந்த உடையில் தமக்கு மதிப்புக் கிடைக்காது என்பதை விரைவிலேயே கண்டுகொண்டு, 1595 அளவில் கற்றோர் அணியும் நீண்ட அங்கிக்கு மாறினார். சீனாவில் அதிகாரம் பரீட்சையில் தேறிய அறிஞர்களிடம் இருந்தது. அவர்கள் அந்நியத் துறவி ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்க வரமாட்டார்கள். ஆனால் நல்ல நூல் ஒன்று கிடைத்தால் வாசிப்பார்கள். தாம் கால்வைக்க முடியாத மாகாணங்களுக்கும் நூல் போய்ச் சேரும் என்பதை றிச்சி நன்கு உணர்ந்திருந்தார்.

1584இல் அவர் வரைந்த உலகப் படம் பலமுறை திருத்தப்பட்டு, 1602இல் பீஜிங்கில் ஆறு பெரிய தாள்களில் வெளிவந்தது. ஐரோப்பியர் வரைந்த படங்களில் சீனா கீழைக் கோடியில் ஒதுங்கிக் கிடக்கும். றிச்சியோ அதை நடுப்பகுதிக்கு நகர்த்தினார். வாசகரின் மனம் அறிந்த செயல் இது எனலாம்.

இனி யூக்கிளிட்டுக்கு வருவோம். ஷங்ஹாயைச் சேர்ந்த சூ குவாங்ச்சி என்ற அறிஞர் 1603இல் பவுல் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றவர். அவரும் றிச்சியும் கூடி அமர்ந்து, யூக்கிளிட்டின் முதல் ஆறு பாகங்களை 1607இல் சீனத்தில் வெளியிட்டனர். கிளேவியஸ் பதிப்பே அவர்களுக்கு மூலம். அவர்கள் கையாண்ட முறை மொழிபெயர்ப்பில் நாட்டமுள்ள நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். றிச்சி லத்தீன் மூலத்தைப் பார்த்து வாயால் பொருள் சொல்வார். சூ அதைச் செம்மையான சீன உரைநடையில் தூரிகையால் எழுதுவார். பொருந்தாத இடங்களில் இருவரும் விவாதித்து மாற்றுவர். 'எவ்வளவு' என்று பொருள்படும் 'ஜிஹ' என்ற பழஞ்சொல் இந்த நூலின் தலைப்பில் ஏறிப் பின்னர் கேத்திரகணிதத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. புள்ளி, கோடு, சமாந்தரக் கோடு ஆகியவற்றுக்கு அந்நூல் கையாண்ட சொற்களையே சீன மாணவர் இன்றும் பயில்கின்றனர்.

எஞ்சிய பாகங்களையும் முடித்துவிடுவோம் என்று சூ வற்புறுத்தினார். றிச்சி உடன்படவில்லை, ஆறு பாகங்கள் போதும் என்று நிறுத்திவிட்டார். இருவரின் நோக்கமும் வேறுபடும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். சூவுக்கு அந்நூல் தன்னளவிலேயே ஒரு செல்வம். றிச்சிக்கு அது வாசற்படி. முக்கோணம் பற்றிய நிரூபணத்தை மறுக்க முடியாதென்று ஒப்புக்கொண்ட வாசகர், அதே ஆசிரியர் கடவுளைப் பற்றித் தரும் நிரூபணத்தையும் மதித்துக் கேட்பார் என்பது அவர் கணக்கு. மேனாட்டு அறிஞரும் சீன அறிஞரும் உரையாடுவதுபோல் அவர் எழுதி 1603இல் வெளியிட்ட சமய நூலும் தர்க்கத்தின் மீதே கட்டப்பட்டது. இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. படைப்பின் ஒழுங்கைக் காண்பவர் படைத்தவரையும் காண்பார் என்று றிச்சி உளமார நம்பினார்.

சீன வாசகர் இந்தக் கணக்கை எப்படி ஏற்றுக்கொண்டனர்? 1620களின் இறுதியில் லீ ஷிசாவோ என்ற கிறிஸ்தவ அறிஞர், குருமாரின் சீன நூல்கள் இருபதைத் திரட்டி ஒரே தொகுப்பாக்கினார். அதை இரு கூறாக வகுத்தார். ஒன்று தத்துவம், மற்றது கருவிகளும் கலைகளும். இரண்டும் ஒரே கல்வியின் இரு பாதிகள் என்பது அவரது கருத்து. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சியான்லொங் பேரரசரின் ஆணைப்படி மாபெரும் அரச நூற்றொகுதி உருவானபோது, யூக்கிளிட் முதலான கணித, வானியல் நூல்களை அதன் பதிப்பாசிரியர்கள் பிரதி செய்து சேர்த்தனர். சமய நூல்களையோ பட்டியலில் பெயர் சொல்லிக் கண்டித்துவிட்டு ஒதுக்கினர். லீ சேர்த்துக் கட்டியதை அவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டனர்.

வானியலின் கதை இன்னும் கடுமையானது. சீனப் பேரரசர் வானத்தின் மைந்தர். பஞ்சாங்கம் வெளியிடுவது அவரது அரச கடமை. கிரகணம் கணித்த வேளையில் வராவிட்டால் அது ஆட்சிக்கே இழுக்கு. 1629 ஜூன் 21ஆம் திகதிச் சூரிய கிரகணத்தை அரச வானியலாளர்களைவிட, மேனாட்டு முறைப்படி கணித்த சூ சரியாகச் சொன்னார். உடனே பஞ்சாங்கச் சீர்திருத்தத்துக்கென ஓர் அலுவலகம் அமைந்தது. குருமாரும் அங்கே அமர்ந்தனர். 1644இல் மிங் வம்சம் வீழ்ந்து மஞ்சூரியர் ஆட்சி வந்தபோது, ஜேர்மனியரான ஆதாம் ஷால் என்ற குருவானவர் மீண்டும் ஒரு கிரகணத்தைப் பிழையின்றிக் கணித்து, அரச வானியற் சபையின் தலைவரானார்.

இதில் ஒரு முரண் உண்டு. அந்தச் சபையின் வேலைகளில் நல்ல நாள் பார்ப்பதும் ஒன்று. மூடநம்பிக்கையைக் கண்டிக்க வந்த குருவானவர், முகூர்த்தம் குறிக்கும் அலுவலகத்துக்குப் பொறுப்பாளரானார்! இதுவே பின்னர் அவருக்கு வினையாயிற்று. 1664இல் யாங் குவாங்சியான் என்பவர் குற்றஞ்சாட்டினார். சிசுவாக இறந்த இளவரசரின் அடக்கத்துக்கு அச்சபை தீய வேளையைக் குறித்தது என்பது ஒரு குற்றம். மற்றொன்று ஒரு நூல் பற்றியது. சபையில் பணியாற்றிய சீனக் கிறிஸ்தவர் லீ சூபாய், சீனரின் ஆதி முன்னோர் யூதேயாவிலிருந்து வந்தவர்கள் என எழுதியிருந்தார். நல்ல பஞ்சாங்கம் இல்லாமற் போனாலும் போகட்டும், மேனாட்டார் இங்கே இருக்கக்கூடாது என்பது யாங்கின் நிலைப்பாடு. 1665இல் ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வேளை பீஜிங்கில் நிலம் அதிர்ந்தது. அது வானத்தின் எச்சரிக்கை என்று அஞ்சி அவரை விடுவித்தனர். முதுமையும் பக்கவாதமும் வருத்திய அவர் மறு ஆண்டு இறந்தார். லீ சூபாய் உட்பட ஐந்து சீன வானியலாளர் தப்பவில்லை, அவர்களின் தலைகள் வீழ்ந்தன. இந்த வரலாற்றை எழுதுவோர் ஷாலின் துயரை விரித்துரைப்பார்கள், ஐவரை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.

1668இன் இறுதியில் பதினான்கு வயதான காங்சி பேரரசரின் முன்னிலையில் ஒரு போட்டி நடந்தது. நட்ட கோலின் நண்பகல் நிழல் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். பெல்ஜியக் குருவானவர் வேர்பீஸ்ற் வென்றார், யாங் பதவி இழந்தார். காங்சி பின்னர் குருமாரிடம் கேத்திரகணிதம் விரும்பிப் படித்தார். 1692இல் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அனுமதியும் கொடுத்தார். ஆனால் தாம் ஞானஸ்நானம் பெறவில்லை. முன்னோர் வழிபாடு கிறிஸ்தவருக்கு ஆகாது என்று பாப்பரசர் விதித்தபோது அந்த நல்லுறவும் முறிந்தது. 1724இல் அடுத்த பேரரசர் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குருமாரை மட்டும் தலைநகரில் வைத்துக்கொண்டார்.

குருமார் தந்த விஞ்ஞானம் முழுமையானதா என்ற கேள்வியும் உண்டு. 1615இல் மனுவேல் டயஸ் சீனத்தில் எழுதிய வானியல் நூல் பன்னிரண்டு வானங்களை அடுக்கி, வெளியே உள்ளதைக் கடவுளின் உறைவிடம் என்றது. அதே நூலின் முடிவில் கலிலியோவின் தொலைகாட்டி கண்ட புதுமைகளும் வந்தன. ஆனால் மறு ஆண்டே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொப்பர்னிக்கஸின் கொள்கையைத் திருச்சபை தடைசெய்தது. எனவே சீனப் பஞ்சாங்கம் ரைக்கோ பிறாகேயின் அமைப்பின்மீது எழுந்தது. அதில் பூமி அசையாது. 1760 அளவில்தான் பெனுவா என்ற குருவானவர் கொப்பர்னிக்கஸின் கொள்கையை அரசவையில் விளக்கினார். சீன அறிஞர் ருவான் யுவான் 1799இல் இதைச் சந்தேகத்தோடு நோக்கினார். நேற்று ஒன்று, இன்று அதற்கு எதிரானது என்றால் எதை நம்புவது என்ற பாங்கில் அமைந்தது அவரது மறுப்பு. அவரைப் பழமைவாதி என்று எப்படிக் குறைசொல்வது? மாறாத உண்மை என்று சொல்லித்தானே அது முதலில் விற்கப்பட்டது!

19ஆம் நூற்றாண்டில் புரட்டஸ்தாந்து மிஷனரிமார் இதே வழியில், பொதுவாசகரை நோக்கி வந்தனர். 1815இல் மலாக்காவில் வில்லியம் மில்ன் தொடங்கிய சீனச் சஞ்சிகையில் வேதத்துக்கிடையே வானியற் கட்டுரைகளும் வந்தன. கன்ரனில் வைத்தியர் ஹொப்சன் 1851இல் வெளியிட்ட உடற்கூற்று நூல் எலும்பையும் இதயத்தையும் படங்களோடு விளக்கி, இறுதிப் பகுதியில் ஆன்மாவுக்கும் படைத்தவருக்கும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் நமது யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன் இப்பாதையில் சென்றதை நேயர்கள் அறிவர். 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தை வைத்து டானியல் பூவர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்போடு போட்டியிட்டார். மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார்.

ஷங்ஹாயில் அலெக்சாண்டர் வைலி என்ற மிஷனரியும் லீ ஷான்லான் என்ற கணித அறிஞரும் யூக்கிளிட்டின் எஞ்சிய ஒன்பது பாகங்களை 1857இல் முடித்துவைத்தனர். றிச்சி நிறுத்திய இடத்திலிருந்து 250 ஆண்டுகள். முறையும் பழையதே: ஒருவர் சொல்ல, ஒருவர் எழுதினார். லீ அடுத்த ஆண்டு வில்லியம்சனோடு சேர்ந்து தாவரவியல் நூலொன்றைத் தந்தார். இலையின் அமைப்பில் கடவுளின் ஞானத்தைக் காட்டும் வாசகங்கள் அதில் நிறைய உண்டு. அவற்றைச் சீனத்தில் எழுதிய லீ கிறிஸ்தவராகவில்லை.

ஜோன் பிறையர் மிஷன் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1868இல் ஷங்ஹாயிலிருந்த அரச ஆயுதசாலையின் மொழிபெயர்ப்புப் பகுதியில் சேர்ந்தார். 1876இல் விஞ்ஞானச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். அதிலே சமயப் பிரசாரத்துக்கு இடம் வைக்கவில்லை. வாசகர் கேள்விக்குப் பதிலளிக்கும் பகுதி இருந்தது. இயந்திரங்களையும் இயற்கை நிகழ்வுகளையும் பற்றிக் கேள்விகள் குவிந்தன.

1898இல் ஹக்ஸ்லியின் பரிணாம நூலைச் சீனத்தில் தந்தவர் மிஷனரி அல்லர். இங்கிலாந்தில் கடற்படைக் கல்வி பெற்ற யன் ஃபூ என்ற சீனர். இலையில் கடவுளைக் காட்டிய நூல்களை இளைஞர் ஓரமாக வைத்துவிட்டு இதைக் கையில் எடுத்தனர். 1922 ஏப்ரலில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மாநாடு பீஜிங் சிங்ஹுவா கல்லூரியில் கூடியது. சீன மாணவர் அதை எதிர்த்துக் கிளர்ந்து அறிக்கைகள் விட்டனர். கிறிஸ்தவத்துக்கு எதிராக அவர்கள் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது விஞ்ஞானமே.