கதவைத் தட்டி வருபவர் யார்?
பேரிடருக்குப் பின் மனநலப் பணிக்குத் தரப்படும் பயிற்சி குறித்து

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கரையோர ஊர்களுக்குள் கடல் ஏறி வந்தது. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்திருந்த பாலம் பெயர்ந்து போயிற்று. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ எண்ணூறு பேர் மாண்டனர். முறிந்த எலும்புக்கும் நீர் புகுந்த நுரையீரலுக்கும் மருத்துவம் செய்ய மருத்துவமனைகளால் இயன்றது. ஆனால் சில வாரங்கள் கழிந்தபின் வரத் தொடங்கியவர்களின் நோவு வேறு. "உறக்கம் வரல்ல, மக்களே", "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்பார்கள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் குறை ஒன்றும் இராது.

சுனாமிக்குப் பின் தமிழகத்தின் மீனவச் சிற்றூர் ஒன்றில் நடந்த ஆய்வில், பெரியவர்களுள் 12.7 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது கண்டறியப்பட்டது. பெண்களிடமும் காயமுற்றவர்களிடமும் வருவாய் இழந்த குடும்பங்களிலும் அது மிகுதி. எஞ்சியவர்கள் துயரப்படவில்லை என்பது இதன் பொருளன்று. அவர்களின் துயரம் நோயன்று. இழப்புக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை. அவர்களுக்குத் தேவைப்படுவது மாத்திரை அன்று, அருகில் ஒரு மனிதர். ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் மனநல மருத்துவரை அனுப்ப எந்த அரசாலும் இயலாது. ஆகவேதான் ஊரிலிருப்பவர்களையே பயிற்றுவிக்கும் முறை பிறந்தது. 1999 ஒடிசா பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றில் பெற்ற அனுபவத்துடன், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் சுனாமிக்குப் பின் தமிழகத்தில் இப்பயிற்சியை நடத்தியது. கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுய உதவிக் குழுப் பெண்கள் போன்றோரே இப்பணிக்கு ஏற்றவர்கள்.

பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது பேச்சன்று, பேசாதிருத்தல். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். இவற்றுள் கடினமானது கேட்டலே. "அழாதீங்க", "எல்லாம் விதி", "உங்களுக்காவது ஒரு பிள்ளை மிச்சம் இருக்கே" என்னும் சொற்கள் நம் நாவில் தாமாக வந்துவிடுகின்றன. அவற்றை அடக்கிப் பழகவே பயிற்சியில் நெடுநேரம் செலவாகிறது.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுனாமிக்குப் பிந்தைய மாதங்களில், நடந்ததை முழுவதும் சொல்லித் தீர்த்தால் மனம் இலேசாகும் என்று நம்பி, வந்தவர்களையெல்லாம் சொல்ல வைத்தோம். ஒருவர் கேட்டுச் சென்ற வீட்டுக்கு மறுநாள் இன்னொருவர் சென்று அதையே கேட்டார். குழந்தைகள் அலையை மீண்டும் மீண்டும் வரைந்தனர். விரும்பாதவரை வற்புறுத்திச் சொல்ல வைப்பது பயன் தராது, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஆகவே இப்போது பணியாளர் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா, அக்கா? ரேஷன் அட்டை கிடைச்சுதா?" என்பதே. தொலைந்த சான்றிதழுக்கு மனு எழுதித் தருவதும் மனநலப் பணிதான்.

ஒக்கி புயல் வேறொரு பாடம் கற்பித்தது. 2017 நவம்பர் 30 அன்று கடலில் இருந்தவர்களுள் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில், இறந்தார் என்று அழவும் இயலாமல், வருவார் என்று நம்பவும் இயலாமல் குடும்பங்கள் தவித்தன. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதனை 'தெளிவற்ற இழப்பு' என்றார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியுடன் கல்லறைத் தோட்டம் செல்கையில், இவர்களுக்கு ஏற்றிவைக்க ஒரு கல்லறை இல்லை. அத்தகைய வீட்டில் "இனி வரமாட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று பணியாளர் சொல்லக் கூடாது. "வந்துவிடுவார்" என்றும் சொல்லக் கூடாது. இரண்டும் அவருக்குத் தெரியாதவை. கல்லறைத் திருநாளிலும், புயலும் சுனாமியும் வந்த நாள்களிலும் அவ்வீட்டுக்குப் போய் உடனிருப்பதே அவர் செய்யத் தக்கது.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதும் பயிற்சியின் பகுதி. வாரங்கள் கழிந்தும் உண்ணாமை, உறங்காமை, குழந்தையையும் வேலையையும் கவனிக்க இயலாமை, மிகுந்துவிட்ட குடி, சாக வேண்டும் என்ற பேச்சு. இறுதியாகச் சொன்னதை நேராகவே கேட்கலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. பலர் கேட்கப்பட்டதில் ஆறுதலே அடைகின்றனர்.

கடற்கரையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பணியாளரோ அதே தெருவினர். கேட்டதை வெளியில் சொல்லாமை இங்கு ஏட்டு விதியன்று. ஒருமுறை மீறினால் அத்தெருவில் மறுமுறை எக்கதவும் திறக்காது. அவரும் தம் உறவினரை இழந்தவராக இருக்கலாம். அதனால் பயிற்சி சில நாள்களில் முடிந்தாலும், அவர்கள் மாதந்தோறும் கூடித் தம் சுமையைப் பகிர ஓர் இடம் வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் பணம் தீர்ந்ததும் முதலில் நின்றுபோவது இக்கூட்டமே என்பது எங்கள் வருத்தம்.

உங்கள் வீட்டுக்கு இத்தகைய பணியாளர் வந்தால், எவருக்கும் பைத்தியம் என்று அவர் முடிவு கட்டி வரவில்லை. பேச விருப்பமில்லையெனில் அதைச் சொல்லலாம். வேறொரு நாள் வருவார். இரவில் உதவி தேவைப்பட்டால் 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.