புகைப்படம் விட்ட இடத்தில் தூரிகை

புகைப்படத்தைப் பலகைக்கு மாற்றி அதன்மேல் கையால் வண்ணம் தீட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குத் துவாக்குடி வசதியான ஊர். என்.ஐ.டி. பிள்ளைகளை நம்பி நடக்கும் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. தொழிற்பேட்டைப் பக்கம் பிளைவுட்டும் பெயின்ட்டும் கிடைக்கும். அக்ரிலிக் ஜெல் மீடியம் ஒன்றை மட்டும் திருச்சி டவுனில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் கேட்டு வாங்க வேண்டும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் படம். லேசர் பிரின்ட்டோ ஜெராக்ஸோதான் வேண்டும். அதிலுள்ள கருப்பு, டோனர் என்னும் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிக் காகிதத்தின் மேலேயே ஒட்டியிருக்கும், தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் மை பெரும்பாலும் காகிதத்துக்குள் ஊறியிருக்கும், ஈரம் பட்டால் கலைந்துபோகும். காகிதம் ஊறிப் போக வேண்டும், படம் மட்டும் நிற்க வேண்டும். மொத்த வித்தையும் அவ்வளவுதான்.

பலகைக்கு வெள்ளை அக்ரிலிக் பூசிக் காய்ந்தபின், ஜெல்லைச் சீராகத் தடவிப் படத்தைக் குப்புறப் படுக்க வையுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி இழுங்கள். காற்றுக் குமிழ் நின்ற இடத்தில் படம் ஒட்டாது. ஓர் இரவு காயட்டும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிட்டதுபோல் தெரியும், நம்பாதீர்கள், அடியில் ஈரம் இருக்கும். மறுநாள் காகிதத்தின் முதுகை ஸ்பாஞ்சால் நனைத்து விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தால், எண்ணெய்க் குளியலில் அழுக்கு திரள்வதுபோல் காகிதம் உருண்டு உருண்டு வரும். அடியிலிருந்து முகம் தெரியும். காய்ந்ததும் மறுபடி வெளிறிப்போகும். மிச்சமிருக்கும் நார்தான் காரணம். திரும்ப நனைத்துத் திரும்பத் தேய்க்க வேண்டும். பொறுமை கெடுவது இங்கேதான். அவசரப்பட்டு அழுத்தினால் மூக்கும் கண்ணும் காகிதத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

ஜெல்லுக்குப் பதில் மரப்பசை போதாதா என்று கேட்பார்கள். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும், தேய்க்கும்போது படம் பெயர்ந்துவிடும். தின்னரைப் பஞ்சில் தொட்டு முதுகில் தேய்க்கும் வழியும் உண்டு. அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் 1958 முதல் 1960 வரை கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ காவியப் பகுதிக்குச் செய்த 34 படங்களில், பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்துத் தேய்த்துத்தான் தாளுக்கு மாற்றினார். ஆனால் அந்த நெடி உடம்புக்கு ஆகாது. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, படம் இடவலம் மாறும். ஸ்ரீரங்கம் பெருமாளின் சயனத்தை நினைத்துப் பாருங்கள். மேற்கே தலை, கிழக்கே திருவடி, தெற்கே பார்வை. சேவிக்கிறவருக்கு இடப்பக்கம் திருமுடி. கம்ப்யூட்டரில் முதலிலேயே திருப்பிக்கொள்ளாவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, வண்ணத்தை எங்கே வைப்பது? இதற்கு 1858இலேயே நம் ஊரில் ஒரு பதில் இருக்கிறது. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் அந்த ஆண்டு திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். இன்று 236 அடி உயரம் நிற்கும் ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். முழுதாக எழும்பியது 1987இல்தான். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை அதிகமாக வாங்கும், பச்சையைச் சரியாக வாங்காது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டாகவும் விழும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் வைத்தார். வைத்த இடத்தில் ஒளி மறிபட்டு, அச்சில் அந்த இடம் வெளுப்பாக வரும். வானத்தில் மேகம் வந்தது, மரத்தில் இலை தெரிந்தது. புகைப்படம் கோட்டைவிட்ட இடத்துக்குத்தான் தூரிகை போயிற்று.

பின்னாளில் நம் ஸ்டுடியோக்காரர்கள் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றியதும் இதே நியாயத்தில்தான். உதட்டில் லேசான சிவப்பு, நகையில் மஞ்சள், புடவைக் கரையில் ஒரு கோடு. சாயலைப் படம் பிடித்திருந்தது, நிறத்தைக் கை கொடுத்தது. அப்படிப்பட்ட பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் பிரதியெடுத்துத் தொகுத்திருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

ஆகவே படம் முழுக்கப் பூசி மூடாதீர்கள். மூடுவதானால் புகைப்படம் எதற்கு? தேய்ந்த படத்தின் மேல் மீடியத்தை மெல்லப் பூசிக் காயவிட்டு, அக்ரிலிக் வண்ணத்தை அதே மீடியத்தில் குழைத்து, அடியில் டோனர் தெரியும்படி கண்ணாடிபோல் ஏற்றுங்கள். அழுத்தமான நிறம் மூக்குத்திக்கும் ஜரிகைக்கும் போதும். தேய்த்ததில் பின்சுவரோ தோளோ பிய்ந்திருந்தால் கவலை வேண்டாம், உங்கள் தூரிகைக்கு இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண் பிய்ந்திருந்தால் மட்டும் வரைந்து ஒப்பேற்றாமல் வேறு பிரின்ட் எடுத்து மறுபடி தொடங்குவதே நல்லது. ஆளின் சாயல் அங்கேதான் இருக்கிறது. பாட்டியின் ஒரே படத்தை இதற்காகச் சட்டத்திலிருந்து கழற்றினால், ஸ்கேன் செய்த கையோடு திரும்ப மாட்டிவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் நகலில்.