மஞ்சட் கடுதாசிக்கு முன்னே

சாலைக் கடைத்தெருவில் பாத்திர வாணிபம் செய்யும் நம் அன்பரொருவர் சென்ற மாதம் ஓரிரவு என் இல்லம் வந்தார். கையில் பழைய பேரேடு. "தம்பி, நாளை வஞ்சியூர் போகிறேன். கடன் ஜாபிதாவை எழுதித் தாரும்" என்றார். நாம் மஞ்சட் கடுதாசி என்பதை மலையாள அயலார் பாப்பர் ஹர்ஜி என்பர். பெயர் எதுவாயினும், கேட்டவுடன் நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம்.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளிற் படிக்கிறோம். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றோரைத் தவிர, ஏனைத் தனிநபர்க்குரிய அதன் விதிகள் இன்னும் அமுலுக்கு வரவில்லை. ஆகவே பழைய சட்டங்களே கதி. திருநெல்வேலி போன்ற ஊர்களில் 1920ஆம் ஆண்டு மாகாணச் சட்டம். இங்கே திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்து 1955ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் பெரும்பாலும் ஒரே போக்கின. மாகாணச் சட்டத்தில், கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுச் செய்யலாம். அத்தொகை இன்று ஒரு நாள் மளிகைக்கும் காணாது!

மனுவில் கடன் கொடுத்தோர் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொகை, தம் சொத்து முழுவதின் விவரம், மதிப்பு யாவும் காட்டல் வேண்டும். உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, தொழிற் கருவி, பெண்டிரின் தாலி ஆகியவற்றைச் சட்டம் தொடாது. நகையையோ வீட்டையோ ஈடாகப் பெற்றவரின் உரிமை மட்டும் அப்படியே நிற்கும். என்போன்ற ரயில்வே சிப்பந்திகளாயின், 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி மேலதிகாரிக்கும் உடனே அறிவித்தாக வேண்டும்.

பதினோரு பெயர்கள் எழுதினேன். பேரேட்டிலோ பன்னிரண்டு இருந்தன. விடுபட்டது அவருடைய தங்கை. வளையல்களை விற்றுப் பணம் தந்தவள்.

"அவளுக்கு மட்டும் முந்திக் கொடுத்துவிடுகிறேன். பிறகு மனுப் போடலாமே" என்றார்.

அண்ணாச்சியின் நெஞ்சு எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் மனுவுக்கு முந்திய மூன்று மாதத்துள் ஒருவரை மட்டும் உயர்த்திக் கொடுத்த பணம் செல்லாதென மாகாணச் சட்டம் கூறுகிறது. இரண்டாண்டுக்குள் மனைவி, மைத்துனன் பெயருக்கு இனாமாக மாற்றிய சொத்தையும் கோர்ட்டு ரத்துச் செய்யலாம். கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர் அப்பணத்தை அத்தங்கையிடமே திரும்பக் கேட்பார். அண்ணன் பாசத்தோடு கொடுத்ததற்காக அவள் கோர்ட்டுப் படி ஏற நேரும். மறைத்தது வெளிப்பட்டால் அண்ணாச்சிக்குத் தண்டனையும் உண்டு. கடனிலிருந்து விடுதலையும் கிட்டாமற் போகலாம். பட்டியலில் இருந்தாலோ, மற்றவர்களோடு அவளுக்கும் உரிய பங்கு கிடைக்கும்.

இதைச் சொன்னபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. என் மனைவி கொண்டுவைத்த காப்பி ஆறிப்போயிற்று. பின்னர்ப் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, பன்னிரண்டாம் பெயரைத் தாமே எழுதினார். காலையில் வக்கீலிடம் செல்லுமுன், தங்கைக்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாராம்.