முதியோர் கையில் செல்போன், பக்கத்தில் யார்?



நம் கடற்கரை ஊர்களில் இன்று செல்போன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் தொண்டியிலும் தாத்தாவின் சட்டைப் பையிலோ பாட்டியின் தலைமாட்டிலோ ஒரு செல்போன் இருக்கும். பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அழைப்பு வந்தால் எடுத்துப் பேச அவர்களுக்குத் தெரியும். அதே கருவியின் வழியாக மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம், ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ் சான்று அளிக்கலாம், ஆபத்தில் உதவி கோரலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுக்க அருகில் ஆள் இருப்பதில்லை. முதியோரின் நலவாழ்வுக்குப் புதிய தொழில்நுட்பம் எவ்வாறு உதவுகிறது, அந்த உதவி அவர்களை வந்தடைய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சிந்திப்போம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். 2021-ஆம் ஆண்டுக்கான அரசு மதிப்பீட்டில் இது 13.6 விழுக்காடாக உயர்ந்தது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் மிகுந்தது நம் மாநிலமே. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகளை 'நலமான முதுமைக்கான பத்தாண்டு' என அறிவித்துள்ளது. நோயே இல்லாமல் இருப்பதை உலக நலவாழ்வு நிறுவனம் நலமான முதுமை என்று சொல்லவில்லை. ஒருவர் தமக்கு முக்கியமானவற்றைத் தொடர்ந்து செய்யும் ஆற்றலோடு வாழ்வதையே அவ்வாறு அழைக்கிறது. நம் ஊர் வழக்கில் சொல்வதானால், ஒரு பாட்டி தானாக நடந்து திருப்பலிக்கு வருவதும், ஒரு தாத்தா நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவதும், பேரப்பிள்ளையின் குரலைக் கேட்டு அடையாளம் கண்டு பதில் பேசுவதும்தான் நலமான முதுமை.

இராமேசுவரம் தீவில் வாழும் முதியவர் ஒருவருக்குச் சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் பாலம் கடந்து, ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநாதபுரம் செல்ல வேண்டும். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். அதற்கும் மேற்பட்ட சிகிச்சை என்றால் மதுரைதான். மூட்டு வலியோடு பேருந்தில் ஏறி இறங்கும் மூதாட்டிக்கு இது ஒரு நாள் பயணம். துணைக்கு வருபவருக்கோ அன்றைய கூலி போய்விடும். ஆகவே பலர் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதுவரை காத்திருப்பதில்லை.

தொலைவு என்னும் இந்தத் தடையைக் கடக்கும் முயற்சி நம் பகுதிக்குப் புதியதன்று. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து தமிழகத்தில் கிராம வள மையங்களைத் தொடங்கின. செயற்கைக்கோள் வழியாகக் கிராம மக்களையும் தொலைவிலுள்ள வல்லுநர்களையும் நேருக்கு நேர் பேச வைப்பது இதன் நோக்கம். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று இடங்களுள் நம் தங்கச்சிமடமும் ஒன்று. திருவையாறும் செம்பட்டியும் மற்ற இரண்டு. கையளவு செல்போனில் படம் தெரியும் காலம் வருவதற்கு முன்பே இத்தீவின் மக்கள் திரை வழியே வல்லுநரிடம் பேசும் வழி இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறங்களில் நடத்திவரும் பார்வை மையங்களும் இதே வழியில் செயல்படுகின்றன. ஊரிலுள்ள சிறு மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் முதியவரின் கண்ணைப் பரிசோதித்துப் பதிவு செய்கிறார். மருத்துவர் நகரிலிருந்தபடியே அதைப் பார்த்து, நோயாளியிடம் திரை வழியே பேசுகிறார். கண்ணாடி போதுமா, கண்புரை அறுவைக்கு வரவேண்டுமா என்பது ஊரிலேயே தெரிந்துவிடுகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இணைய இணைப்பும் கருவியும் மட்டும் இருந்திருந்தால் இம்மையங்கள் வெற்றி பெற்றிருக்குமா? முதியவரின் கையைப் பிடித்து உட்கார வைத்து, மருத்துவர் சொன்னதை மீண்டும் எடுத்துச் சொல்லும் அந்தப் பணியாளரே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே உண்மையை மெய்ப்பித்தது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, விவரங்களைக் கணினிப் பதிவில் சேர்த்து, மாத்திரைகளைக் கையில் கொடுத்தார்கள். நடக்க இயலாதவருக்கு இயன்முறை மருத்துவம் வீட்டிலேயே கிடைத்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்திற்கு வழங்கப்பட்டது. பதிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு நாள் பார்த்த இரத்த அழுத்தம் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். பல வாரங்களின் அளவுகளை வரிசையாகப் பார்த்தால்தான் மாத்திரை வேலை செய்கிறதா, அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்ய முடியும்.

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்போர் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதியவர் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பிறகே பார்க்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும், கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டும் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டில் பார்க்கும் அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் கருவாடும் ஊறுகாயும் சேரும் நம் சமையலில் உப்பின் அளவையும் நினைவில் கொள்வது நல்லது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் முதியோர் பராமரிப்புக்கென ஒரு கையேட்டையும் செல்போன் செயலியையும் வெளியிட்டது. நினைவாற்றல், நடமாட்டம், உணவு, பார்வை, செவித்திறன், மனநிலை ஆகிய ஆறினையும் எளிய கேள்விகளால் சோதிக்க அது வழிகாட்டுகிறது. எடுத்துக்காட்டாக, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 14 வினாடிக்கு மேல் ஆனால், நடமாட்டத்தில் குறைவு தொடங்கியிருக்கலாம் என்று பொருள். இதைச் செய்யும்போது ஒருவர் அருகில் நின்று விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைவலுவும் கால்வலுவும் குறைவதை முன்கூட்டியே அறிந்தால், உரிய பயிற்சியாலும் சத்துணவாலும் பெருமளவு சரிசெய்ய முடியும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின் அறிவதால் பயன் குறைவு.

மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' சேவையின் வழியாக 2020 முதல் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் கட்டணமின்றிப் பேசும் வாய்ப்பு வந்தது. பழைய நோய்க்கு மருந்தைத் தொடர்வது, பரிசோதனை முடிவைக் காட்டி விளக்கம் கேட்பது போன்றவற்றுக்கு இது ஏற்றது. ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் ஒருபக்கம் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் செல்போன் திரையின் முன் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தனிமை, புறக்கணிப்பு, ஓய்வூதியச் சிக்கல் போன்றவற்றுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் உள்ளது.

தொழில்நுட்பமே முதியோருக்குத் தடையாகும் இடங்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. வலைக்கயிறு இழுத்தும், உப்பு நீரில் பாசி எடுத்தும், மீன் அறுத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் எளிதில் ஏற்பதில்லை. வயது ஏற ஏறத் தோல் வறண்டு ரேகை மேலும் மங்குகிறது. "உங்கள் ரேகை விழவில்லை" என்ற சொல்லைக் கேட்டு வெறும் பையோடு திரும்பும் மூதாட்டி, தான் செய்த உழைப்புக்கே தண்டனை பெறுகிறார். அரிசியும் ஓய்வூதியமும் தடைப்பட்டால் மாத்திரையும் தடைப்படும். ஆதாரில் கைரேகையோடு கருவிழியும் பதிவாகியுள்ளது. அதைச் சரிபார்க்கும் கருவி இருக்குமிடத்தில் அவ்வழியைக் கேட்டுப் பெறலாம். 'ஜீவன் பிரமாண்' முறையில் செல்போனில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று அளிக்க மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 2021-இலும் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியர்களுக்கு 2022-இலும் வழி செய்யப்பட்டது. வயதானவரின் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள் கொண்டு செல்லும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. உரிய வழிகளைத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதே பெரிய உதவி.

மற்றோர் ஆபத்து மோசடி. காவல்துறை அதிகாரி என்றும் வங்கி மேலாளர் என்றும் பேசி முதியோரின் சேமிப்பைப் பறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதையும், 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்தில் இல்லை என்பதையும் நம் பெரியோருக்குத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்க வேண்டும். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். ஏமாந்தவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் நம்மிடம் சொல்லவே மாட்டார்.

எழுத்து வாசிக்க இயலாதோருக்குக் குரலே நல்ல வழி. பாம்பனில் 2016-இல் மீனவருக்கென்றே தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' சமூக வானொலி இதற்கு நல்ல சான்று. நம் பேச்சுவழக்கில், நம் கடலைப் பற்றி, நம்மவரே பேசும்போது முதியவரின் காது தானாகத் திறக்கிறது. வாட்ஸ்அப்பிலும் எழுத்துக்குப் பதில் குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொடுக்கலாம்.

அப்படியானால் நம் பங்குகளில் என்ன செய்யலாம்? திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று வருகிறது. அன்று பொன்னாடை போர்த்தி மகிழ்வதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் அன்பியத்திலும் தனித்து வாழும் முதியோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். இளையோர் இருவர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குச் சென்று, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி, அவசர எண்களைப் பதிந்து, இரத்த அழுத்தத்தைக் குறித்து வரலாம். முதியவரின் ஒப்புதலின்றி அவரது வங்கி விவரங்களைத் தொடாதிருப்பதும், அவரது நோயைப் பிறரிடம் பேசாதிருப்பதும் இப்பணியின் முதல் விதியாக இருக்கட்டும். ஒருமுறை சொன்னதை அவர்கள் மறந்தால் மறுமுறை சொல்லுங்கள். நமக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் எத்தனை முறை கை நீட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தது உண்டா?

வெளியூரிலிருந்து புதிய செல்போன் வாங்கி அனுப்பும் பிள்ளைகளே, அதனோடு உங்கள் நேரத்தில் ஒரு பகுதியையும் அனுப்புங்கள். ஊரில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு முதியவரின் பக்கத்தில் அமர முன்வருவோம். மருத்துவரின் குரல் கடலைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் வரும் காலம் இது. அந்தக் குரல் அவர்கள் காதில் விழச் செய்யும் பொறுப்பை நாம் ஏற்போம்.