மலை ஏறினால் பொருள் மாறும் சொல்

கோழி கூவுமுன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம்.

1956 நவம்பர் 1-ந் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. சோதனைச் சாவடியும் வந்தது. அங்கே மூட்டைகளைச் சோதிக்கலாம். சொற்களை யார் சோதிப்பது? 'சிநேகம்' என்ற சொல், எல்லையைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுகிறது!

போடியில் சிநேகம் என்றால் நட்பு. ஊரில் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. அந்த மொழிகளிலும் அது நட்புதான். மலைக்கு மேலே, மலையாளத்தில் அது அன்பு. தாய் பிள்ளைமீது வைப்பதும் 'ஸ்நேகம்', காதலன் காதலிமீது வைப்பதும் 'ஸ்நேகம்'. வேடிக்கை என்னவென்றால், 'சிநேகிதன்' மட்டும் இரண்டு பக்கமும் நண்பனே!

இதில் என்ன வம்பு வந்துவிடும் என்கிறீர்களா?

சிரித்த முகத்தோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை, மலையாளத் தோட்டக்காரர் "நல்ல ஸ்நேகமுள்ள குட்டி" என்று புகழ்வதாக வைத்துக்கொள்வோம். அன்பான பிள்ளை என்பதே அவர் கருத்து. அந்தப் பேச்சு மாலை ஜீப்பில் இறங்கி வந்து, தெருத் திண்ணையில் "அவளுக்கு அங்கே சிநேகமாம்" என்று ஆகிவிட்டால்? ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட இடத்தில், சிநேகம் என்பது நம் ஊர்களில் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல். கலியாணப் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

'இஷ்டம்' இன்னொன்று. மலையாளி "இஷ்டமாணு" என்றால் பிடித்திருக்கிறது என்று பொருள். நம் வீட்டில் "உன் இஷ்டம்" என்றால் பாதி கோபம்.

சிநேகத்தின் மூலம் வடமொழி. அங்கே அதற்கு எண்ணெய், ஒட்டும் தன்மை என்றும் பொருள் உண்டு. நெய்யும் எண்ணெயும் கொடுத்து உடம்பைப் பதப்படுத்துவதை ஆயுர்வேத வைத்தியர்கள் இன்றும் 'ஸ்நேகனம்' என்கிறார்கள். உலர்ந்ததை இளக்குகிறது எண்ணெய். மனிதரை மனிதரோடு ஒட்டவைக்கிறது அன்பு. பெயர் பொருத்தம்தான். ஏலக்காய்க்கு மணம் கொடுப்பதும் அதன் விதைக்குள் இருக்கும் எண்ணெய் அல்லவா?

போடியில் அன்புக்குச் சொல் பஞ்சம் இல்லை. பாசம் இருக்கிறது, பிரியம் இருக்கிறது. தோட்டக்காரர் சொன்னதைக் கேட்டு வந்த பெண், "பிரியமான பிள்ளைன்னு சொன்னாரு" என்று மாற்றிச் சொன்னால் போதும். ஜீப் நிற்பதற்குள் வம்பு தீர்ந்துவிடும்.