முதல் கார் வாங்கப் போறீங்களா? கதவுலேருந்து ஆரம்பிப்போம்

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இந்த வாரம் நேயர் ஒருத்தரோட கேள்வியை எடுத்துக்கலாம். "எனக்கு 27 வயசு. தாம்பரத்துல வீடு, சோழிங்கநல்லூர்ல வேலை. பட்ஜெட் 8 லட்சம். புதுசா ஒரு சின்ன கார் எடுக்கவா, அதே காசுக்கு சன்ரூஃப் வச்ச 2018 மாடல் எஸ்யூவி கிடைக்குது, அதை எடுக்கவா?"

பதிலுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு. அதுல தப்பு முழுக்க என்னோடது. கார் வாங்கின மூணாவது வாரம். தி.நகர்ல ஒரு கடை வாசல்ல ஓரமா நிறுத்தி, இன்ஜினை அணைச்சுட்டு, போனைப் பார்த்துக்கிட்டே கதவைத் திறந்தேன். பின்னாடி வந்துகிட்டிருந்த டெலிவரி தம்பி கதவுல மோதி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி செலவை நான் கட்டினேன். வண்டி ஓட்டினாத்தான் அவருக்கு வருமானம், அந்த ஆறு வாரத்துக்கும் நான்தான் கொடுக்கணும்னு எனக்கு உறைக்கவே பத்து நாள் ஆச்சு. சொல்லவே கூச்சமா இருக்கு.

கார் வாங்க நான் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணினவன். மைலேஜ், டச் ஸ்கிரீன், கலர் எல்லாம் அத்துப்படி. கதவை எப்படித் திறக்கணும்னு மட்டும் தெரியாது. இப்போ தெரியும்: வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுற நாம, கதவை இடது கையால திறக்கணும். அப்படிச் செஞ்சா உடம்பு தானா திரும்பும், கண்ணு தோளுக்குப் பின்னாடி போகும். நெதர்லாந்துல ரொம்ப காலமா இருக்கிற பழக்கம் இது. செலவு ஒண்ணும் இல்ல.

ஏன் இவ்வளவு பேசறேன்னா, 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. அதுல சுமார் 44 சதவீதம் பேர் டூவீலர்ல போனவங்க. அதனால நல்ல கார்னா என்னோட முதல் கேள்வி, உள்ளேயிருந்து வெளியே எவ்வளவு தெரியுதுங்கிறதுதான்.

ஷோரூம்ல உட்கார்ந்தே இதைச் சோதிக்கலாம். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல சாய்வா ஒரு தூண் இருக்கும், ஏ-பில்லர்னு சொல்வாங்க. கூரையைத் தாங்கணும்னு இப்போ அதைத் தடிமனாவே செய்யறாங்க. வலது பக்கம் திரும்பும்போது ஒரு முழு பைக்கும் ஆளும் அதுக்குப் பின்னாடி மறைஞ்சிடலாம். உங்க வேகமும் அவர் வேகமும் ஒத்துப்போச்சுன்னா, நீங்க நகர நகர அவரும் மறைவுலயே வருவார். திரும்புறதுக்கு முன்னாடி தலையை முன்னும் பின்னும் ஒருமுறை அசைச்சுப் பாருங்க. டேஷ்போர்டுல பிள்ளையார் இருக்கட்டும், கண்ணாடியில ஊஞ்சலாடுற பொம்மையைக் கழட்டிடுங்க.

இப்போ அந்த 2018 எஸ்யூவி. விற்கிற எல்லாப் புதுக் காருக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரல்ல. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில. பக்கத்து சீட்டு ஏர்பேக் 2021-லதான் படிப்படியா வந்தது. அதனால 2018 வண்டியில எது இருக்கு, எது இல்லைங்கிறது வேரியன்டைப் பொறுத்தது. பேரைப் பார்த்து நம்பாதீங்க, ஸ்டியரிங்லயும் டேஷ்போர்டுலயும் ஏர்பேக் எழுத்து இருக்கான்னு நேர்ல பாருங்க. பாரத் என்கேப் ஸ்டார் 2023 அக்டோபர்ல தொடங்கினது. அதுல காரை 64 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கமா மோதவிட்டுப் பார்க்கறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அந்த ஸ்டார் முக்கியமா காருக்குள்ள இருக்கறவங்களைப் பத்தினது.

பழைய கார்ல டயரையும் குனிஞ்சு பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா சட்டப்படியே ஓட்டக்கூடாது. விலை பேசும்போதே நாலு டயர் காசைக் கழிச்சுப் பேசுங்க.

கொஞ்சம் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போறீங்க. ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி வச்சுக்கோங்க, அதுக்குள்ள 25 மீட்டர் போச்சு. நல்ல காய்ஞ்ச ரோட்ல பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. அதே 80-ல போனா 33-ம் 36-ம் சேர்ந்து 70 மீட்டர்கிட்ட வந்துடும். வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடிச்சு, பிரேக் தூரம் 1.8 மடங்கு ஆயிடுச்சு. மழையில இன்னும் மோசம். ஏபிஎஸ் இருக்கேன்னு கேட்பீங்க. சக்கரம் பூட்டிக்காம, ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேக்கற மாதிரி அது பார்த்துக்கும். தூரத்தைப் பெருசா குறைக்கும்னு நம்பாதீங்க. ஜிஎஸ்டி ரோட்ல இடைவெளி விட்டா ஒரு ஆட்டோவும் ரெண்டு பைக்கும் நுழையத்தான் செய்யும். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் பின்வாங்கிக்கோங்க.

பின் சீட்டு பெல்ட்டைப் பத்தி ரெண்டே வரி. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர்ல விபத்துல இறந்தப்போ, பின் சீட்ல பெல்ட் போடாம இருந்தார்னு போலீஸ் சொன்னாங்க. உங்க வீட்ல பின்னாடி உட்காரப்போறது அம்மா, அப்பா.

எஸ்யூவி எடுக்க எல்லாரும் சொல்ற காரணம் மழைத்தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா கார் நின்னது ஞாபகம் இருக்கும். உயரம் கொஞ்சம் உதவும், ஒத்துக்கறேன். ஆனா சுரங்கப்பாதையில தண்ணி எவ்வளவு ஆழம்னு உள்ளே போனப்புறம்தான் தெரியும். தண்ணி காத்துக்குழாய் வழியா சிலிண்டருக்குள்ள போயிட்டா பிஸ்டனால அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். தண்ணியில நின்னுபோன காரை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, தள்ளி வெளியே கொண்டுவாங்க. பாலிசி எடுக்கும்போது இன்ஜினுக்கான கூடுதல் கவர் இருக்கான்னு கேளுங்க.

சரி, நம்ம நேயருக்கு: என் ஓட்டு புது சின்ன கார். இல்ல, பழசுதான் வேணும்னா 2022-லயோ அதுக்கு அப்புறமோ தயாரானதா பாருங்க. டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில காலி ரோட்ல முடிச்சுக்காதீங்க. வேலை நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு சோழிங்கநல்லூர்லேருந்து மேடவாக்கம் வழியா தாம்பரம் வரைக்கும் ஓட்டணும்னு அடம்பிடிச்சுக் கேளுங்க. தினமும் நீங்க ஓட்டப்போறது அந்த ரோடுதானே. கிளட்ச் காலு வலிக்குதா, இடது கண்ணாடியில பைக் தெரியுதான்னு அங்கேதான் தெரியும்.

சன்ரூஃப்? சித்திரை வெயில்ல அதைத் திறந்து வச்சு ஓட்டறவங்க யாராவது இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசிடலாம்.